சுடாத வெயிலும் போகாத கறையும்

வலப்பனையில் டிசம்பர் மாதத்து நண்பகலில் சூரியன் நிற்கும் உயரமும், லண்டனில் ஜூன் மாத நடுக்கோடையில் அது நிற்கும் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு இடத்திலும் அடிவானத்திலிருந்து சுமார் 60 பாகை. லண்டன்காரருக்கு ஆண்டின் உச்ச வெயில் எதுவோ, அதுவே வலப்பனைக்கு ஆண்டின் மிகச் சாய்ந்த வெயில். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகையில் இருக்கும் இந்த மலைக்கு ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது.

ஆனால் இராகலைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பார்த்தால் இதை யாரும் நம்பமாட்டார்கள். ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி, காதைச் சுற்றிய மப்ளர். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவுதான். உடம்பு குளிரில் நடுங்கும்போது “வெயிலுக்கு ஏதாவது பூசினாயா?” என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

இந்த அத்தியாயம் அந்தச் சிரிப்பைப் பற்றியது. முகப்பரு உள்ள மலையகத்துப் பிள்ளைக்கு எந்த சன்ஸ்கிறீன் பொருந்தும் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, முதலில் குளிர் நம்மை எப்படி ஏமாற்றுகிறது என்று பார்க்கவேண்டும். அடுத்து, நம் தோலுக்கு வெயில் செய்யும் கெடுதி வெள்ளைத்தோலுக்குச் செய்யும் கெடுதி அல்ல என்பதைப் பார்க்கவேண்டும். குழாயின் மேலட்டையில் பெரிதாக அச்சிட்ட எண் அதற்குப் பிறகு வரட்டும்.

வெப்பம் வேறு, புறஊதா வேறு

வெயில் சுடுகிறது என்று நாம் உணர்வது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர்களையும் காற்றின் வெப்பத்தையும்தான். தோலைக் கறுக்கவைக்கும் புறஊதாக் கதிர்களை உணர நமக்குப் புலன் எதுவும் இல்லை. மலையேற ஏற, கதிர்களை வடிகட்டும் காற்றுப்படலம் மெலிகிறது. ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் புறஊதா ஏறக்குறைய 10 வீதம் கூடுகிறது. அந்தக் கணக்கில், தெளிந்த வானம் இருக்கும் நாளில், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு வரை அதிகம் விழலாம். மெல்லிய முகில் இருந்தாலும் புறஊதாவின் பெரும்பகுதி இறங்கிவிடும்.

உடப்புசல்லாவைத் தேயிலைப் பகுதிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. தென்மேல் பருவமழை மலையின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட, ஜூலை முதல் செப்டெம்பர் வரை இந்தக் கிழக்குப் பக்கத்தில் வறண்ட குளிர்காற்று வீசும். அந்தக் காற்றில்தான் கொழுந்தின் வாசம் ஏறுகிறது. ஏலத்தில் நல்ல விலை போகும் தேயிலை அப்போதுதான் கிடைக்கிறது. சூரியன் உச்சிக்கு வரும் செப்டெம்பர் முதல் வாரமும் அதே பருவத்துக்குள் விழுகிறது. தேயிலைக்கு மிக நல்ல மாதமும் முகத்துக்கு மிகக் கெட்ட மாதமும் ஒன்றாகிவிடுகின்றன.

சன்ஸ்கிறீனின் வரலாற்றிலும் ஒரு குளிர்ந்த மலை இருக்கிறது. 1938இல் ஃபிரான்ஸ் கிரைட்டர் என்ற இரசாயன மாணவர், சுவிற்சர்லாந்து–ஆஸ்திரிய எல்லையிலுள்ள பிட்ஸ் புயின் சிகரத்தில் ஏறியபோது வெயிலில் வெந்துபோனார். சுற்றிலும் பனி, முகமோ கருகல். அந்த அனுபவத்திலிருந்து 1946இல் அவர் ஒரு கிறீமை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வெயில்காப்பை எண்ணால் அளக்கும் முறையை ஜெர்மானியரான ருடால்ஃப் ஷுல்ஸ 1956இல் முன்வைத்தார். 1970களில் அதை எஸ்.பி.எஃப் என்ற பெயரில் பரப்பியவர் கிரைட்டர்.

அந்த எண் எதை அளக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். பூசாத தோல் சிவக்க எவ்வளவு கதிர் தேவையோ, பூசிய தோல் சிவக்க அதைப்போல் எத்தனை மடங்கு தேவை என்பதே எஸ்.பி.எஃப். சிவத்தல்தான் அதன் அளவுகோல். அதைப் பெரும்பாலும் உண்டாக்குவது 280 முதல் 315 நானோமீற்றர் வரையுள்ள புறஊதா–பி. எளிதில் சிவக்கும் தோலுள்ளவர்கள், தங்களுக்காகச் செய்துகொண்ட அளவுகோல் இது.

நம் தோலில் வெயில் என்ன செய்கிறது?

1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக், வெயிலில் எரியுமா கறுக்குமா என்பதை வைத்துத் தோலை வகைப்படுத்தினார். அவர் முதலில் போட்ட பட்டியல் வெள்ளைத்தோலுக்கானது. பழுப்பும் கறுப்பும் ஐந்தாம், ஆறாம் வகைகளாகப் பின்னர் சேர்ந்தன. நம்மில் பெரும்பாலோர் நான்கிலிருந்து ஆறுக்குள் வருவோம். 1979இல் வெளிவந்த ஒரு பென்சில்வேனிய ஆய்வு, கறுப்பு மேற்தோலின் இயற்கையான காப்பை 13.4 என்றும், வெள்ளை மேற்தோலின் காப்பை 3.4 என்றும் அளந்தது. எரிச்சலிலும் தோல் புற்றுநோயிலும் நமக்குள்ள ஆபத்து குறைவாக இருப்பதற்கு இந்த மெலனின்தான் பெரிய காரணம்.

காக்கும் அந்த மெலனின்தான் முகப்பரு வந்த இடத்தில் தொல்லையும் தருகிறது. பருவின் அழற்சியில் வெளிப்படும் இரசாயனங்கள் பக்கத்திலுள்ள நிறமிச் செல்களைத் தூண்டிவிடுகின்றன. அவை அளவுக்கு மீறி மெலனினைச் செய்து சுற்றியுள்ள செல்களுக்கு ஏற்றுகின்றன. பரு ஒரு வாரத்தில் அமுங்கிவிடும். கறுப்பு அடையாளம் மாதக்கணக்கில் நிற்கும். மேற்தோலில் மட்டும் இருந்தால் அது பழுப்பாகத் தெரிந்து மெல்லப் போகும். அடித்தோலுக்கு இறங்கிவிட்டால் நீலச்சாம்பலாகத் தெரிந்து வருடக்கணக்கில் இருக்கும். தேயிலைச் சாயம் துணியின் மேல் இழையில் பட்டால் துவைக்கப் போகும், உள் இழைக்கு இறங்கினால் துணியோடு இருந்துவிடும், அப்படித்தான் இதுவும். ஏற்கெனவே விழித்திருக்கும் அந்த நிறமிச் செல்கள் மேல் தினமும் வெயில் பட்டால் கறை ஆற வழியே இல்லை.

ஆகவே, பரு வரும் மாநிறத் தோலுக்கு சன்ஸ்கிறீன் பூசுவது வெள்ளையாவதற்கல்ல. எரிச்சலைத் தடுப்பதும் முதல் நோக்கமல்ல. பரு விட்டுப்போகும் கறையைச் சீக்கிரம் ஆறவிடுவதுதான் அதன் வேலை. இந்த நோக்கத்தை மனதில் வைத்துக்கொண்டால், கடையில் எதைத் தேடுவது என்பது தானாக மாறிவிடும்.

கயிறும் எண்ணெயும்

பரு எப்படி வருகிறது? மயிர்க்காலின் வாயில் செத்த செல்கள் ஒட்டி அடைக்கின்றன. உள்ளே எண்ணெய்ச் சுரப்பி சுரந்ததெல்லாம் தேங்குகிறது. அங்கே எப்போதும் வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பக்டீரியா அதில் பெருகுகிறது, அழற்சி தொடங்குகிறது. இளவயதில் ஆண்ட்ரஜன் ஹோர்மோன்கள் எண்ணெயைக் கூட்டுவதால்தான் அந்த வயதில் இது பொங்குகிறது. இதுவரை உலகெங்கும் ஒரே கதைதான்.

தோட்டத்தில் இதற்கு மேல் இரண்டு காரணங்கள் சேரக்கூடும். ஒன்று உராய்வு. 1975இல் மில்ஸும் கிளிக்மனும் அமெரிக்கக் காற்பந்து வீரர்களின் தலைக்கவசப் பட்டி அழுத்தும் இடங்களில் வரும் பருவை விவரித்தார்கள். பட்டி, கயிறு, இறுகிய துணி எதுவாக இருந்தாலும், வியர்வையோடு ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால் அடைபட்டுப் பரு கிளம்பும். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போகிறவர்களுக்கு, கயிற்றின் அடியிலுள்ள கொங்காணித் துணி நெற்றி ஓரத்தில் எங்கே இறுகுகிறதோ அந்தக் கோட்டிலேயே பரு வரிசைகட்டினால், எந்த கிறீமும் அதைத் தீர்க்காது. தினமும் துவைத்த பருத்தித் துணியும், கயிறு விழும் இடத்தை மாற்றிக்கொள்வதும்தான் தீர்க்கும்.

மற்றது தலையெண்ணெய். 1970இல் பிளெவிக், ஃபுல்டன், கிளிக்மன் மூவரும், தலைக்கு எண்ணெய்ப்பசை தடவும் கறுப்பின ஆண்களுக்கு நெற்றியிலும் கன்னப்பொறியிலும் சின்னச் சின்ன அடைப்புப் பருக்கள் நிறைவதைக் காட்டினார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அம்மா அழுத்தி வாரிவிடும் தேங்காயெண்ணெயும் பத்து மணி வெயிலில் இளகி நெற்றிக்குத்தான் இறங்குகிறது. எண்ணெயை இரவில் பின்தலையில் தடவிக் காலையில் அலசிவிட்டால் பாதித் தொல்லை குறையலாம்.

முகத்துக்குத் தேங்காயெண்ணெயோ மஞ்சளோ பூசினால் வெயில் காக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. நம்பியிருக்கக்கூடிய காப்பு இரண்டிலும் இல்லை. தேங்காயெண்ணெயோ அடைப்பை உண்டாக்கும் பொருள்களின் பட்டியல்களில் எப்போதும் மேலேதான் இருக்கிறது.

பூசினால் பரு வருமா?

வரலாம், இந்தப் பயம் வீண் பயம் அல்ல. 1970களின் தொடக்கத்தில் டென்மார்க் மருத்துவர்கள், மயோர்க்கா தீவுக்கு விடுமுறைக்குப் போய்வந்தவர்களின் தோளிலும் கையிலும் ஒரேமாதிரிச் சிறுபருக்கள் எழுவதைக் கண்டு அதற்கு அந்தத் தீவின் பெயரையே வைத்தார்கள். புறஊதா–ஏ கதிரும் எண்ணெய்ப்பசை மிகுந்த பூச்சும் சேர்ந்து செய்த வேலை அது. அடைத்தது பெரும்பாலும் வெயில்காப்பு இரசாயனமல்ல, அதைக் கரைத்துவைத்திருந்த எண்ணெய்தான். இன்றும் சூத்திரம் அதுவே. காப்புப் பொருளின் பெயரைவிட அது எந்த ஊடகத்தில் கலந்திருக்கிறது என்பதே பருவுக்கு முக்கியம்.

“அடைப்பு உண்டாக்காதது” என்ற பொருளில் பெட்டியில் அச்சிடும் ‘நொன்–கொமெடோஜெனிக்’ என்ற வாசகத்தை எவ்வளவு நம்பலாம்? அதன் பூர்வீகம் முயலின் காது. கிளிக்மனும் மில்ஸும் 1972இல் அழகுசாதனங்களால் வரும் பருவை விவரித்தபோது, பொருள்களை முயலின் காதுக்குள் தடவி அடைப்பு வருகிறதா என்று பார்த்தார்கள். முயல்காது மனித முகத்தைவிட எளிதில் அடைபடும். அதனால் அங்கே தவறும் பொருள்கள் பல நம் முகத்தில் தவறுவதில்லை. (இந்தக் கிளிக்மனின் பெயரையே ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள் மீது அவர் நடத்திய பரிசோதனைகள் பின்னாளில் கெடுத்தன. தோல் அறிவியலில் நாம் இன்று எடுத்தாளும் சில முடிவுகளுக்குப் பின்னால் இப்படியான கதைகளும் இருக்கின்றன.) இந்த வாசகத்துக்கு எல்லாக் கம்பனிகளும் கட்டுப்படவேண்டிய பொதுவான சோதனை எதுவும் கிடையாது. ஆகவே அது ஒரு நல்ல அறிகுறி, உத்தரவாதம் அல்ல.

குழாயைத் திருப்பிப் பார்ப்பது

பாமசியில் குழாயைக் கையில் எடுத்ததும் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். சேர்மானங்கள் அளவின் வரிசையில் எழுதப்பட்டிருக்கும், அதிகமுள்ளது முதலில். முதல் ஐந்தாறு பெயர்களுக்குள் தண்ணீர், சிலிக்கோன் வகையான டைமெதிக்கோன், எண்ணெயை உறிஞ்சும் சிலிக்கா போன்றவை இருந்தால் அது இலேசான பூச்சு. ஐசோப்ரோப்பில் மிரிஸ்டேட், தேங்காயெண்ணெய், கொக்கோ வெண்ணெய் அங்கே நின்றால் திருப்பி வைத்துவிடலாம். நயசினமைட் இருந்தால் கூடுதல் இலாபம். அழற்சியையும் கறையையும் ஓரளவு தணிக்கும். வாசனைத் திரவியம் குறைவாக இருப்பது நல்லது. அற்ககோல் முன்னால் இருந்தால் சீக்கிரம் காயும், பிசுபிசுக்காது. ஆனால் பருமருந்து பூசி உரிந்துபோன தோலில் எரியும்.

எண்ணெய் வழியும் முகத்துக்கு ஜெல் அல்லது நீர்த்த லோஷன். பருமருந்தால் வறண்ட முகத்துக்கு இலேசான கிறீம். வியர்வையிலும் தூறலிலும் நிற்பவருக்குத் தண்ணீரில் கலையாத வகை. அதில் படலம் கட்டும் பொருள் அதிகம், கனமாக இருக்கும். மாலையில் மென்மையான சவர்க்காரத்தால் கழுவியே ஆகவேண்டும். அழுத்தித் தேய்க்கக் கூடாது. தேய்ப்பதும் உராய்வுதான்.

இனி எண்கள். எஸ்.பி.எஃப் 15 புறஊதா–பியில் 93 வீதத்தைத் தடுக்கும். 30 தடுப்பது 97 வீதம். 50 தடுப்பது 98 வீதம். 30க்கு மேல் எண் ஏறினாலும் காப்பு ஒரு விரற்கடைதான் ஏறுகிறது, விலையும் பிசுக்கும் அதைவிட வேகமாக ஏறக்கூடும். 30 போதும், 50 இலேசாகக் கிடைத்தால் எடுக்கலாம். அதைவிட முக்கியம், கறையை ஆழமாக்கும் புறஊதா–ஏக்கு எவ்வளவு காப்பு என்பது. ஜப்பானில் 1996இல் வந்த பி.ஏ. குறியீட்டில் மூன்று அல்லது நான்கு கூட்டல் குறி வேண்டும். ஐரோப்பியக் குழாய்களில் வட்டத்துக்குள் புறஊதா–ஏயின் ஆங்கில எழுத்துகள் இருக்கும், எஸ்.பி.எஃப்பில் மூன்றில் ஒரு பங்காவது அந்தக் காப்பு உண்டு என்பது அதன் பொருள். பஸ் கண்ணாடி புறஊதா–பியைத்தான் தடுக்கும். ஏ பெருமளவு உள்ளே வந்துவிடும்.

நம் தோலுக்கு இதற்கு மேலும் ஒன்று உண்டு. 2010இல் டெட்ராய்ட் ஹென்றி ஃபோர்டு வைத்தியசாலை ஆய்வாளர்கள், கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியை இரண்டு விதத் தோலில் பாய்ச்சிப் பார்த்தார்கள். மாநிறமும் கறுப்புமான தோல் கறுத்தது, அந்தக் கறுப்பு நாட்கணக்கில் நின்றது. வெள்ளைத்தோலில் எதுவும் நடக்கவில்லை. வழக்கமான நிறமற்ற சன்ஸ்கிறீன் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அப்படியே விட்டுவிடும். அதைத் தடுப்பது அயன் ஒக்சைட் கலந்த, தோல்நிறச் சாயமுள்ள வகை. மஞ்சள், சிவப்பு, கறுப்பு அயன் ஒக்சைட்களின் கலவைதான் அந்தச் சாயம். கறை பிடிக்கும் முகத்துக்கு எண்ணைப் பெரிதாக்குவதைவிட இந்தச் சாயம் அதிகம் உதவும். வெறும் சிங்க் ஒக்சைட்டும் டைட்டேனியம் டையொக்சைட்டும் மாநிற முகத்தில் விட்டுச்செல்லும் சாம்பல் பூத்த தோற்றத்தையும் அதுவே மறைத்துவிடும். இந்தத் தாதுப்பூச்சுகள் கண்ணாடி மாதிரிக் கதிரைத் திருப்பி அனுப்புகின்றன என்று எழுதுவார்கள். 2016இல் வந்த ஓர் அளவீடு அவை புறஊதாவில் 5 வீதம் போலத்தான் திருப்புகின்றன, மிச்சத்தை உறிஞ்சிக்கொள்கின்றன என்று காட்டியது.

வாங்கியதும் முகம் முழுக்கப் பூசவேண்டாம். தாடை ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் இரண்டு மூன்று வாரம் பூசிப் பாருங்கள். அடைப்புப் பரு மெதுவாகத்தான் உருவாகும், ஒரு நாளில் தெரியாது. மறுநாளே அரித்தால் அல்லது சிவந்தால் அது பரு அல்ல, ஒவ்வாமை.

எவ்வளவு பூசுவது, எவ்வளவு செலவு

சோதனைச்சாலையில் எஸ்.பி.எஃப் அளக்கும்போது சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அந்தக் கணக்கில் ஒன்றேகால் கிராம் போல வேண்டும். சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் நுனி முதல் அடி வரை கோடுபோட்டால் வரும் அளவு அது. பெரும்பாலோர் பூசுவது அதில் பாதிகூட இல்லை. அப்போது பெட்டியிலுள்ள 50 முகத்தில் பாதிக்கும் கீழே போய்விடும்.

இந்த அளவில் 50 கிராம் குழாய் நாளுக்கு ஒரு முறை பூசினால் 40 நாள், இரண்டு முறை பூசினால் 20 நாள். தோட்டத்தின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயமானது. நல்ல இறக்குமதிக் குழாய் ஒன்று இரண்டு மூன்று நாட்சம்பளத்தை விழுங்கக்கூடியது. காலை முதல் மாலை வரை மலையில் நிற்பவரிடம் இரண்டு மணிக்கொருமுறை பூசு என்று சொல்வது, வாழ்க்கை தெரியாத புத்தகம் சொல்வது.

அவருக்கு முதல் காப்பு அகன்ற விளிம்புத் தொப்பி அல்லது முகத்துக்கு நிழல்தரும்படி இழுத்துவிட்ட அடர்ந்த, கடும்நிறத் துணி. இறுக நெய்த கடும்நிறத் துணி, நைந்துபோன வெள்ளைத் துணியைவிட அதிகம் காக்கும். நனைந்த வெள்ளைப் பருத்தி மிக மோசம். ஆனால் துணி மட்டும் போதாது. புறஊதா–பியில் பாதியளவு நேராக வராமல் வானம் முழுதும் சிதறித்தான் வருகிறது. தொப்பிக்கு அடியில் கன்னத்துக்கும் மூக்குக்கும் அது வந்துசேரும். அந்த மிச்சத்துக்கு, கறையுள்ள கன்னத்திலும் நெற்றியிலும் காலையில் ஒரு முறை, பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் ஒரு முறை பூசினால் குழாய் கொஞ்ச நாள் கூட வரும்.

வாங்கக் கூடாதவை

கறை போகவேண்டும் என்ற அவசரத்தில் கைபோகும் இடம் பெயர்ப்பட்டியல் இல்லாத “வெள்ளையாக்கும்” கிறீம். அதில் இரண்டு ஆபத்துகள். ஒன்று பாதரசம். மெலனின் செய்யும் நொதியை முடக்கி நிறத்தைக் குறைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். மினமாட்டா உடன்படிக்கை அழகுசாதனத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கூடாதென்றது. மற்றது பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்ரெரோயிட். பூசிய முதல் வாரம் பரு அடங்கும், முகம் பளிச்சென்றிருக்கும். பிறகு தோல் மெலியும், இரத்த நாளங்கள் தெரியும், நிறுத்தினால் பரு முன்பைவிட மோசமாகக் கிளம்பும், வெயில் பட்டால் எரியும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்த நிலைக்குத் தனிப்பெயரே வைக்கவேண்டி வந்தது. அங்கே 2018இல் இவ்வகை மருந்துகள் பலவற்றின் விற்பனைக்கு மருத்துவச் சீட்டு கட்டாயமானது.

பருவுக்கு மருந்து எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். டொக்சிசைக்கிளின் குளிசை வெயில் தாங்கும் சக்தியைக் குறைக்கும். ட்ரெட்டினோயின், அடாபலீன் வகைகளை இரவில்தான் பூசவேண்டும். ஐசோட்ரெட்டினோயின் கருவிலிருக்கும் பிள்ளையைக் கடுமையாகப் பாதிக்கும். கர்ப்பமாக இருக்கும்போதும் கர்ப்பம் எதிர்பார்க்கும்போதும் அதைத் தொடவே கூடாது. இவற்றையெல்லாம் அரச வைத்தியசாலையின் தோல் சிகிச்சை கிளினிக்கில் கேட்டு எடுப்பதே சரி, கடைக்காரர் சொல்லி அல்ல.

எல்லாவற்றுக்கும் காசு கிடையாது என்றால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் கிள்ளாமல் இருப்பது, அது இலவசம். கிள்ளிய பருவின் கறைதான் ஆழத்துக்கு இறங்கும். அடுத்தது தலைத்துணியும் தொப்பியும். பிறகு பருவுக்கான மருந்து, ஏனென்றால் புதிய பரு வந்துகொண்டே இருக்கும்வரை பழைய கறையைத் துடைப்பதில் பலனில்லை. அதற்குப் பிறகும் கையில் காசு மிஞ்சினால் தோல்நிறச் சாயமுள்ள, எஸ்.பி.எஃப் 30 கொண்ட, இலேசான சன்ஸ்கிறீன் ஒன்று. அதை வாங்கினால் குளிர்நாள், முகில்நாள் பாராமல் பூசவேண்டும். வெயில் சுடும் நாளில் மட்டும் பூசுவதென்றால் வலப்பனையில் அந்தக் குழாய் அலுமாரியிலேயே காலாவதியாகிவிடும்.